வெல்டர் போட்ட கைப்பிடி

பட்டறையில் அவருக்கு ‘யானை’ என்று பட்டப்பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். எந்தக் கம்பியைப் பற்றவைத்து முடித்தாலும், யானை சாய்ந்தாலும் அசையாது என்று தம்பட்டம் அடிப்பார். அதனால் வந்த பெயர். மலைக்கோயில் படிகளுக்கு அடிவாரத்திலிருந்து உச்சிவரை கைப்பிடி போட்டவர் அவர்தான். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தும் சந்நிதிக்குள் கால் வைக்கவில்லை. மனைவியோடு வந்துதான் சாமி பார்ப்பேன் என்று பிடிவாதம். வேலை முடிந்த நேரம் பார்த்து அவளுக்கு முழங்கால் மக்கர் பண்ணியது.

வருஷக்கணக்கில் இழுத்தடித்து ஒருவழியாக ஆபரேஷன் முடிந்து, படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னதுமே அவள் மலைக்குக் கிளம்பிவிட்டாள். வேனில் போகலாமே என்று மகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாகச் சோற்றோடு சேர்த்துக் கேட்ட பெருமையாயிற்றே, அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முழங்கால் வலிக்காரி ஒற்றைக்காலில் நின்றால் யார்தான் மறுப்பது?

முக்கால் மலை இருவரும் ஜோராக ஏறினார்கள். செங்குத்தான வளைவில் அவள் மூச்சு வாங்கச் சாய்ந்தாள். கம்பி ஆடியது. தூணின் அடியில் துருவேறிப் பற்றவைப்பு விட்டிருந்தது.

யானையின் முகம் செத்துப்போயிற்று. கோபுரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

“யாராவது விழுந்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சாமி கும்பிடறது? நீ இங்கயே உட்காரு. மிஷின் எடுத்துட்டு வந்துடறேன்.”

அவர் இறங்கிப் போனதும், அவள் தூணருகே படியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். இதைப் போட்ட மகானுபாவன் எவனோ என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரர்தான். சரி பண்ண மிஷின் எடுக்கப் போயிருக்கார்” என்றாள் நிமிர்ந்து உட்கார்ந்து.

அவர் தோளில் மிஷினோடு ஏறிவந்தபோது நடை சாத்த அதிக நேரம் இல்லை. படியோரக் கடையில் கரண்ட் எடுத்தார். துருவைச் சுரண்டினார், பற்றவைத்தார். அக்கம்பக்கத்துத் தூண்களையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். வழக்கமான வசனம் மட்டும் வாயில் வரவில்லை.

சூடு ஆறியதும் அவள் எழுந்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுக் கம்பியில் சாய்ந்தாள். அது அசையவில்லை.

“யானையெல்லாம் எதுக்கு? நான் சாஞ்சாச்சு. வாங்க, சாத்தறதுக்குள்ள மேல போயிடலாம்.”