பெயர்ப் பட்டியலில் அண்ணன்

2001-ஆம் ஆண்டு, புரட்டாசி. தேதி நினைவில்லை, சனிக்கிழமை என்பது உறுதி. மலைக்குப் போகும் கூட்டம் நான் வேலை பார்த்த திருப்பதி நெட் சென்டரின் வாசல்வரை நின்றிருந்தது.

அண்ணன் வேலைக்காக அமெரிக்கா போகுமுன் சென்டரின் ஒரு கம்ப்யூட்டரில் அரட்டை நிரல் ஒன்றைப் போட்டுத் தந்திருந்தான். படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதி, மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த நிரல். இன்றும் அதைத் திருத்தி வெளியிடுகிறார்கள். அதில் எங்கள் இருவருக்கும் ஓர் அறை இருந்தது. உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் திரையோரத்தில் நிற்கும்.

எங்கள் அப்பா, நைனா, சனிக்கிழமைதோறும் புத்தூர்ப் பக்கத்திலிருந்து பூமூட்டை கொண்டுவருவார். மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேரே சென்டருக்கு வந்து, அண்ணன் இருக்கிறானா என்று கேட்பார்.

“கீறானாம்மா?”

“கீறான் நைனா.”

பெயரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஊரில் கேட்பவர்களிடம், “நல்லா கீறான், இப்பதான் பாத்துக்கினு வரேன்” என்பாராம். அவன் எதுவும் எழுதாத வாரங்களிலும் பெயர் நின்றது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அமெரிக்கக் கம்பெனிகள் ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதாகப் பேப்பரில் தொடர்ந்து செய்தி வந்ததால், ஒருநாள் அந்த நிரலிடமே கேட்டேன். ஒருவர் கடைசியாக எப்போது எழுதினார் என்று பார்க்க அதில் ஒரு கட்டளை உண்டு. ஆடி மாதத்துக்குப் பிறகு அண்ணன் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை. அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை, அவ்வளவுதான். ‘எங்கே இருக்கிறாய், சனிக்கிழமை நைனா வரும் நேரத்துக்கு அறைக்கு வா’ என்று மெயில் அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை நைனா வழக்கம்போலக் கேட்டார்.

“பேரு கீது நைனா. ஆளு கீறானான்னு தெரில.”

“ஆளு இல்லாம பேரு எப்டிமா நிக்கும்?”

நான் விளக்கினேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூ வாசம் அறை முழுக்க இருந்தது.

வெகுநேரம் கழித்துப் புதுப் பெயர் ஒன்று உள்ளே வந்தது. ஆங்கில எழுத்தில் நம் பேச்சு: ‘வேல போச்சு. ஃப்ரெண்டு வூட்ல கீறேன். நைனாகிட்ட சொல்லாத.’

“இன்னா எழுதிகீறான்?” என்றார் நைனா.

ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன்.

“சரி, சொல்லலன்னு எழுது” என்றார். “சோறு துன்னானான்னு மட்டும் கேளு.”

கேட்டேன். பதில் வரத் தாமதமானது. ‘துன்னேன்’ என்று வந்தது. நைனா மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்த வரி வருமென்று உட்கார்ந்தேயிருந்தார். அவருடைய புத்தூர் பஸ் போய்விட்டது.