ஒரு பக்கம் பலகை போட்ட கப்பல்

பூட்டுக்காரருக்குச் சகலை என்றாலே வயிறு எரியும். ஆனால் இத்தனை வருடம் எரிந்தது வெறும் தீக்குச்சி. சகலை ஒரு மரக்கப்பலைச் செய்து கூடத்தில் வைத்தாரே, அன்றைக்குத்தான் அடுப்பே பற்றியது.

சகலை தையல்காரர். சட்டைத்துணியில் பாய் தைத்து, இரண்டு வரிசைப் பீரங்கி வைத்து, பழைய காலத்து டச்சுப் போர்க்கப்பல் ஒன்றை அப்படியே சின்னதாக்கி மேசைமேல் இறக்கிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த பூட்டுக்காரரின் மனைவிக்கு, புருஷனுக்குச் சோறு போடும்போதும் அதே பேச்சு.

"அக்கா வீட்டுக்காரருக்கு என்ன கைங்க!"

"ஏன், எனக்கென்ன கைக்குப் பதிலா காலா இருக்கு?"

மறுநாளே அதே கப்பலின் வரைபடத்தை வாங்கி வந்துவிட்டார். மனைவி வாயிலிருந்து தனக்கும் ஒரு 'என்ன கைங்க' வாங்காமல் விடுவதில்லை.

மெல்லிய மரப்பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்கள்மேல் வளைத்து ஒட்டவேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லி வரைபடத்தில் போட்டிருந்தது. பூட்டுக்காரருக்கு ஏது பொறுமை? ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வருகிறார். சுவர்ப்பக்கம் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று, கண்ணில் படுகிற பக்கத்தை மட்டும் முழுக்க ஒட்டினார். வீட்டிலிருந்த துணிக்கிளிப்பெல்லாம் கப்பலைக் கவ்விக்கொண்டதில், கொடியில் கிடந்த துணி பக்கத்து மாடிக்குப் பறந்தது.

காயக் காயப் பட்டைகள் சுருங்கி இழுத்தன. எதிர்த்து இழுக்க மறுபக்கம் ஆளில்லை. ஞாயிறு காலை கிளிப்புகளைக் கழற்றினால், கப்பல் வாழைப்பழமாக வளைந்து நிற்கிறது. துண்டு போட்டு மூடுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

சகலை குனிந்தார். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒற்றைக் கண்ணை மூடி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பூட்டுக்காரர் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார். மனைவி எதிரிலேயே மானம் போகப்போகிறது.

"என்ன சகலை, கொஞ்சம் வளைஞ்ச மாதிரி…"

"வளையாம என்ன மாமா?" டீயை நீட்டியபடி மனைவிதான் சொன்னாள். "சண்டைக்கப்பல் இல்லையா, எதிரியப் பாத்ததும் திரும்புது. உங்களுது நேரா மட்டும்தான் போகும்."

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். சகலை சிரிக்கவில்லை. பூட்டுக்காரர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் இப்போது சகலைக்கு வந்திருந்தது. கிளம்பும்போது காதோரம் வந்து கேட்டார்.

"எப்படி சகலை வளைச்சீங்க?"

"அதெல்லாம் கைப்பழக்கம் சகலை."

கதவைச் சாத்தியதும் மனைவி குனிந்து கிளிப்புகளைப் பொறுக்கினாள். பூட்டுக்காரர் காத்து நின்றார். 'என்ன கைங்க' வரவில்லை.

"சீக்கிரம் அந்தப் பக்கத்தையும் ஒட்டுங்க. எவ்வளவு நாளைக்குத்தான் நான் பொய் சொல்றது?"

பூட்டுக்காரர் பசையை எடுத்தார். மூடியைத் திறந்தவர், மறுபடி மூடினார்.

"அது சரி… மாமான்னு எதுக்கு அவ்வளவு இழுத்துக் கூப்பிட்ட?"