நாலு மணிக்கு மல்லாத்தணும்

மாமனாரின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளைக் கொடுத்து, தோல் உரசாமல் அவரை வலப்பக்கம் உருட்டினாள் மருமகள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமலிருக்கச் சுருட்டிய துண்டு. அவர் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவரை ஒரு புண்ணும் இல்லை. அவள் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதும் இல்லை.

அன்று ஞாயிறு, பகல் இரண்டு மணி. மாதம் ஒரு முறை அப்பாவைப் பார்க்க வரும் நாத்தனார், நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"அண்ணி, உங்க மூஞ்சியில களையே இல்லை. இந்த ஆப்பைப் போட்டுக்கோங்க. தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சாப் போதும்."

"கண்ணை மூடினா மூச்சைக் கவனிக்க நான் இருக்கமாட்டேன்மா. குறட்டைதான் கேக்கும்."

மாமனாரின் கோணிய வாய் சிரித்தது. கணவன் செய்தித்தாளை மடக்காமலே, "எல்லாத்துக்கும் மனசுதான் காரணம்" என்றான்.

அவள் கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பாவைத் திறந்து, ரத்த அழுத்த மாத்திரையை மாமனாரின் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"குடுத்துட்டியேம்மா. சாப்பிட்டதுமே," என்று குழறினார்.

டப்பாவைப் பார்த்தாள். ஞாயிறு மதிய அறை காலி. கையில் இருந்தது திங்கள்கிழமையுடையது. இன்று அவர் விழித்திருந்தார். நாளை அசந்திருந்தால்?

மாத்திரையை அதன் அறையிலேயே போட்டு மூடினாள்.

"நான் தூங்கப் போறேன். நாலு மணிக்கு மல்லாத்தணும், ஆறு மணிக்கு இடப்பக்கம்."

செய்தித்தாள் இறங்கியது. "விளையாடுறியா? எனக்கு இடுப்பு வலிங்கிறது தெரியாதா?"

"எனக்கு இடுப்பு இருக்கான்னே தெரியலை."

"அண்ணி, நீங்க தெய்வம் மாதிரி. உங்களை மாதிரி யாரால..."

"தெய்வத்துக்குத் தூக்கம் வராது. எனக்கு வருது. இந்தா, புடி." தோளில் கிடந்த துண்டை நாத்தனாரின் மடியில் போட்டாள்.

உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கணவன் கதவைத் தட்டினான்.

"நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரையும் வரச் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு தடவை புரட்டட்டும்."

"விடுடா, தூங்கட்டும்," என்று மாமனாரின் குரல் கேட்டது. பிறகு எப்போதோ, "மெதுவாடா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று அவர் கத்தியது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. அவள் எழவில்லை. இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்தாள். முதல் வேலையாக மாமனாரின் முதுகைப் பார்த்தாள். தோல் சிவக்கவில்லை. இவர்களுக்கும் கை வரும் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு தாளில் கோடு போட்டு, ஒன்று விட்டு ஒரு ராத்திரி கணவனுக்கு, ஞாயிறு பகல் முழுக்க நாத்தனாருக்கு என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். மாமனாரின் கட்டிலருகே எட்டு மாதமாகக் கிடந்த தன் தலையணையை எடுத்துக்கொண்டு, அங்கே கணவனுடையதைப் போட்டாள்.

"நிஜமாத்தான் சொல்றியா?" என்றான் அவன்.

"இன்னைக்கு ராத்திரி உங்க முறை," என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனாள்.