தறி வீட்டுத் தொண்டை

மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை. நான்கு விசைத்தறிகளும் ஒரே மூச்சில் நின்றுவிடும். ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா பாதி வழியில் கிடக்கும். அந்த இரைச்சலின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்த குரல் மட்டும், பிரேக் இல்லாத சைக்கிள்போலத் தனியே ஓடிப்போய்த் தெருவில் விழும். எழுபதுகளின் நடுவில், ஆர்.கே.பேட்டையில் எங்கள் தறிக் கொட்டகையிலிருந்து ஒரு பிற்பகல் அப்படி விழுந்தது என் குரல். எனக்கு ஒன்பது வயது. அத்தையின் காதருகே வாயைக் குவித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்: "அத்தே! ஞாயித்துக்கெழம உன்ன பொண்ணு பாக்க வராங்களாம்! உனுக்குக் காது மந்தம்னு யாருக்கும் சொல்லக் கூடாதாம்! நைனா சொல்லிச்சு!"

முதல் பாதி தறிச் சத்தத்தில் கரைந்துவிட்டது. இரண்டாம் பாதி தெரு முழுக்கக் கேட்டது.

எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள். நைனா, அதாவது என் அப்பா, கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டு வந்தார். அடிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம உன் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது. வந்துச்சு, தொலைச்சிடுவேன்" என்றார். அத்தை அவருடைய ஒரே தங்கை. ஏற்கெனவே இரண்டு வரன்கள், அவளுடைய காதைப் பற்றித் தெரிந்ததும் திரும்பிப் போயிருந்தன.

தறி வீட்டுக் குழந்தைக்குச் சின்னக் குரல் என்று ஒன்று வாய்ப்பதே இல்லை. தண்ணீர் கேட்டாலும் கத்த வேண்டும், பசித்தாலும் கத்த வேண்டும். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான் பேசினேன். "இன்னா, உங்க ஊட்ல எல்லாரும் செவுடா?" என்பார் டீச்சர். வகுப்பு சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன், அதையும் சத்தமாக. அத்தை பன்னிரண்டு வயதில் தறியில் நின்றவள். இருபத்திரண்டுக்குள் அவளுடைய காதைத் தறி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் தறி ஓடும்போது அவளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே கிடையாது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். தறி நின்றால்தான் அவள் செவிடு. அந்த அமைதிக்குள் அவளை எட்டிய ஒரே குரல் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார் நைனா. கொட்டகை கோயில்போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர் யாருடைய கொட்டகையிலோ தறி ஓட்டுகிறவர். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்குப் பூனை நடப்பதுபோன்ற குரல். போதாததற்கு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசும் பழக்கம் வேறு. அத்தை எதிரே பாயில். நான் அந்த அம்மாளுக்குப் பின்னால், வாசற்படியில்.

"எத்தினியாவது வரைக்கும் படிச்சே?"

அத்தை பதில் சொல்லாமல் புன்னகைத்தாள். புன்னகை நீண்டுகொண்டே போயிற்று. என் தொண்டை அரித்தது. நைனாவின் கண்கள் என் மேல் இருந்தன. சத்தம் வரக் கூடாது என்றுதானே சொன்னார்? வாயைத் திறந்தேன், மூச்சைக்கூட விடாமல், ஒவ்வோர் எழுத்தாக உதட்டில் செதுக்கினேன். எத்தினியாவது படிச்சே.

"அஞ்சாவது" என்றாள் அத்தை.

"சோறு கொழம்பு ஆக்குவியா?"

உதட்டில் அனுப்பினேன். "ஆக்குவேங்க. கருவாட்டுக் கொழம்பு நல்லா வரும்." நைனாவின் தோள்கள் மெல்ல இறங்கின. மாப்பிள்ளை மட்டும் அத்தையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அம்மாள் திரும்பினார். "இன்னா இந்தப் பொண்ணு, கரையில போட்ட மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடுது?"

புத்தியுள்ள குழந்தை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கும். நான் கடமை தவறாமல் அதையும் அப்படியே, மீனோடு சேர்த்து, அத்தைக்கு அனுப்பினேன்.

அத்தை சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவளுடைய முகம் வேறாக இருந்தது. "எனுக்குக் காது மந்தங்க. தறியில போனது. இவ ஒதட்டப் பாத்துத்தான் பதில் சொன்னேன். மறைச்சுக் கட்டிக்கினு வந்து, உங்க ஊட்ல தெனம் பயந்துகினு கெடக்க என்னால ஆவாது."

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அப்படிச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பியதில்லை என்பது எனக்கே தெரியும். நைனா என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். மூன்று நாள். டீச்சர் மெச்சினார். வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. என்னிடமிருந்து என்னைக் கழித்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் அப்படி நினைக்க முடியும். பெரியவர்களைவிடத் தீர்மானமாகவே நினைக்க முடியும்.

நான்காம் நாள் அத்தை ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "இன்னாடி ஆச்சு உனுக்கு?"

'என்னாலதானே போச்சு' என்று உதட்டை அசைத்தேன்.

"போனா போவட்டும். எல்லாரும் வாய அசைக்கிறாங்க, நானும் பாத்துக்கினு கெடக்கிறேன். என் காதுல வந்து உளுற சத்தம் உன்னுது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா இந்த ஊட்ல எனுக்கு இன்னாடி இருக்குது? கத்து."

கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்ததால் அது சொல்லாகக்கூட இல்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள், மழையில் நிற்பதுபோல.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்தார். தன் அம்மா குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாராம். நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நைனா குடையைத் தேடி உள்ளே போன நேரத்தில், அவர் அத்தையின் தறிக்கு எதிர்ப்புறம் வந்து நின்று உதட்டை அசைத்தார். ஒரே வாக்கியம். அவர் கண்ணில் நான் பட்டிருக்க மாட்டேன். மூலையில், நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முழுவதும் தெரிந்தது. அத்தை ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அதுவும் தெரிந்தது.

அவருடைய வாய் அசைந்ததைத் திரும்பி வரும்போது நைனா பார்த்திருக்க வேண்டும். அவர் போனதும் என் காதில் கத்தினார்: "இன்னாடி சொன்னாரு?"

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சேதி அதுவரை என் வாய்க்குக் கிடைத்ததில்லை. தொண்டைவரை வந்துவிட்டது. அத்தையைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். அது அவளுக்கு மட்டும் வந்த வாக்கியம். ஊரே கேட்டுவிட்ட அவளுடைய வாழ்க்கையில், யாரும் கேட்காத ஒரே வாக்கியம்.

"குடையத்தான் கேட்டாரு, நைனா!" என்று கத்தினேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

மாமா போன வருடம் காலமாகிவிட்டார். அத்தைக்கு இப்போது இடி விழுந்தாலும் கேட்காது. சாயந்திரங்களில் வீடியோ காலில் வருவாள். சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு இருவரும் பேசுவோம். போன வாரம் திடீரென்று அவளுடைய உதடுகள் கேட்டன: 'அன்னிக்குக் குடை எடுக்க வந்தப்போ அவரு சொன்னத நீ பாத்தியா?'

'பாத்தேன்.'

'உங்க நைனாகிட்ட?'

'சொல்லல.'

'உங்கம்மாகிட்ட?'

'யாருகிட்டயும் இல்ல.'

அத்தை வாயைப் பிளந்தாள். 'நீயாடி?' என்றாள். 'நீயா?' பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, சவுண்டு ஆஃப்ல இருக்குது பாரு."

"இருக்கட்டும்டி!" என்றேன். மாடி வீட்டு நாய் குரைத்தது.