கவ்வாத்து வெட்டிய மலை

எனக்குத் தேயிலையைக் கோப்பையில்தான் தெரியும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது போதுமென்று நினைத்திருந்தேன்.

என் வேலை மண்ணை அளப்பது. மலைநாட்டில் பெருமழைக்கு ஓர் ஓடை சேறும் கல்லும் மரமுமாகப் பாய்ந்து இறங்கினால், எவ்வளவு இறங்கியது என்று கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து சொல்லுவேன். வித்தை பெரிதில்லை. மழைக்கு முன் ட்ரோன் அளந்த உயரத்திலிருந்து, பின்னால் அளந்த உயரத்தைக் கழிக்க வேண்டும். குறைந்ததெல்லாம் போன மண். கழித்தலில் நான் பிழை விடுவதில்லை என்ற தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

ஒருமுறை, ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடைக்குத் தொகை பயங்கரமாக வந்தது. ஓடைக்குக் கீழே ஒரு வரிசை வீடுகள். மண் குறைவென்றால் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டி அடுத்த முறை வருவதைத் தேக்கலாம். கூடவென்றால் அந்தக் குடும்பங்களை வேறிடத்துக்கு எழுப்பிவிட வேண்டும். என் தொகையோ எந்தச் சுவருக்கும் அடங்காது. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

என் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நான் வாங்கி வைத்திருந்த வடையைக் கடித்தபடி வரைபடத்தைப் பார்த்தாள். மண் போன இடமெல்லாம் சிவப்பு. ஓடை மட்டுமில்லை, பக்கத்துச் சரிவு முழுவதும் சிவப்பு.

“அக்கா, மண்ணு இப்படி நூல் புடிச்ச மாதிரி சரியுமா?”

சிவப்பு ஓர் ஒற்றையடிப் பாதையில் வந்து நேராக நின்றிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“நான் இரண்டு தரம் பாத்திட்டன். கணக்கிலை பிழை இல்லை.”

“கணக்குல இல்லக்கா. போட்டோவ காட்டுங்க.”

பெரிதாக்கிக் காட்டினேன். தேயிலைச் செடிகள் இலையில்லாமல் குச்சிகளாக நின்றன.

“சேறு உருவிக்கொண்டு போயிட்டுது,” என்றேன், பெரிய அறிவாளிபோல.

அவள் வடையை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“ஐயோ அக்கா, இது கவ்வாத்து! கத்தியால வெட்டியிருக்காங்க. மலைய நம்பர் போட்டுப் பிரிச்சுத்தான் வெட்டுவாங்க. பாதைக்கு அங்கிட்டு வேற நம்பர், அத இன்னும் வெட்டல.”

சில வருடங்களுக்கொருமுறை இடுப்பளவு செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுவார்களாம். இரண்டு ட்ரோன் பறப்புக்கும் நடுவில் அதைச் செய்திருக்கிறார்கள். வெட்டிய கிளையையெல்லாம் நான் மண்ணென்று எண்ணி, ஒரு மலையையே சரித்துவிட்டிருந்தேன். வெட்கம் தாங்காமல் நானும் சிரித்தேன்.

ஓடையை மட்டும் எடுத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தோம். கீழே பரவிக் கிடந்த சேற்றின் அளவோடு பொருந்தியது. முடிந்தது என்று எழுந்தேன். அவள் விடவில்லை.

“கரையில இன்னும் இளகி நிக்கிற மண்ணையும் சேருங்க. அதுவும் வரும்.”

சேர்த்தோம். தொகை ஏறியது. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஏன் இவ்வளவு கறாராக நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசியில் சுவருக்குள் அடங்கியது. மூன்று தரம் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். உடனே ஃபோனை எடுத்தாள்.

“அடியே, நீ குசினிய கட்டு. ஆமா, கட்டு.”

அந்த வரிசையில் மூன்றாவது வீடு அவள் தங்கையுடையதாம். எழுப்பிவிடுவார்களோ என்று சமையலறை கட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாளாம்.

“ஏன் முதலே சொல்லேல்லை?” என்று சத்தம் போட்டேன்.

“சொல்லியிருந்தா எனக்காக கொறச்சிருப்பீங்க. மழ பெய்யிறப்ப அவ புள்ளைகளோட அங்கதானேக்கா தூங்கணும்.”

அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். தேத்தண்ணி போட எழுந்து போனேன்.