சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசிய ரவை

என் அம்மா கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போனவர் என்று சொன்னால், தமிழ் ஆட்கள் உடனே குரலைத் தாழ்த்தி, "அங்கை இருக்கேக்கை பழகினவவோ?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லை. அங்கே, ஊரில் போர் நடந்தபோது, அம்மா செய்ததெல்லாம் வெடிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடியதுதான். சுடப் பழகியது கனடாவுக்கு வந்த பிறகு, லொங்குய்யில். செயற்கைப் பல் செய்யும் இடத்தில் அவரோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் ஒரு சனிக்கிழமை தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிலர் யோகாவுக்குப் போகிறார்கள். அம்மா இதற்குப் போனார்.

பெரியம்மா இதை விட்டுவைக்கவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "வெடிக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்தவள், இஞ்சை தானே வெடி வைக்கிறாள்!" என்றார். சனம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா நீச்சல் பழகப் போகிறார் என்றுதான் அவர் அதுவரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அது ஒரே இடத்தில் நின்று சுடும் போட்டி அல்ல. காதுக்குப் பின்னால் ஒரு கருவி 'பீப்' என்னும். உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஓடி ஓடிச் சுட வேண்டும். மண்ணிற மட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சூடு. இடையில் வெள்ளை மட்டைகளும் நிற்கும். அவற்றில் பட்டால் புள்ளி போய்விடும். எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் பிரிப்பார்கள். பீப் கேட்டு ஒன்றரை வினாடிக்குள் அம்மா முதல் இரண்டையும் போட்டுவிடுவார்.

"ஒரு செக்கன் சின்ன நேரம் எண்டு நினைக்காதை, பிள்ளை. அதுக்குள்ளை பாக்கலாம், யோசிக்கலாம், வேண்டாமெண்டு விடவும் செய்யலாம்" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு வினாடிக்குள் யோசிப்பதற்கு என்ன கிடக்கிறது என்று நினைத்தேன்.

ரவைகளை, துப்பாக்கிக்குப் போடும் தோட்டாக்களை, அம்மாவே செய்தார். பேஸ்மென்டில் ஒரு சின்ன அறை, எப்போதும் பூட்டியிருக்கும். சுட்டு விழுந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்து, மேசையில் பூட்டிய அழுத்தும் இயந்திரத்தில் வைப்பார். கைபிடியை இழுக்க இழுக்க, விரிந்த கோது பழைய அளவுக்கு வரும், அடியில் தீப்பொறி கொடுக்கும் சின்ன மூடி ஏறும், அளந்த வெடிமருந்து விழும், கடைசியில் ஈயச் சன்னம் கோதின் வாயில் இறுகும். மருந்து விழுந்ததும் ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். மருந்து இரண்டு தரம் விழுந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். விழாமல் விட்டால் சன்னம் குழலுக்குள் சிக்கும். அதனால் அந்த அறையில் பாட்டும் இல்லை, கதையும் இல்லை.

செய்து முடித்த ரவைகளை நூறு துளை போட்ட ஒரு கட்டையில் இறக்கிப் பார்ப்பது என் வேலை. மட்டமாக இறங்கினால் போட்டிக்கு. துருத்தி நின்றால் பயிற்சிப் பெட்டிக்கு.

அந்த வருடம் அப்பா ஒரு முடிவு சொன்னார். சனி ஞாயிறுகளில் வீட்டில் ஆள் இல்லை, கீழே வெடிமருந்து, கோயிலில் சிரிப்பு. அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. "இஞ்சாரும், இந்தமுறை மாகாணப் பெண்கள் அணிக்கு எடுபட்டால் நான் வாயே திறக்கன். எடுபடாட்டி எல்லாத்தையும் வித்துப்போட்டு மற்றச் சனம் மாதிரி இருப்பம்."

"சரி" என்றார் அம்மா. சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

தெரிவுப் போட்டிக்கு முந்தின வாரம், நான் கெஞ்சியதில், அம்மா என் கைக்கு மேல் தன் கையை வைத்து ஒரே ஒரு ரவை செய்ய விட்டார். அதன் அடியின் ஓரத்தைச் சுற்றி, நகத்துக்குப் பூசும் என் சிவப்புக் கியூட்டெக்ஸைப் பூசினேன். போட்டியில் முதல் சூடு அதுதான் என்று அறிவித்தேன். கட்டையில் இறக்கினால், மயிரளவு துருத்திக்கொண்டு நின்றது.

"போட்டிக்குச் சரிவராது குஞ்சு. பெட்டியிலை போடு."

போடவில்லை. கோபம். எனக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வரும், இன்றைக்கும் அப்படித்தான். காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டி இரண்டு நாள். பெண்களில் முதல் இரண்டு பேரை எடுப்பார்கள். முதல் நாள் முடிவில் அம்மா இரண்டாவது. மூன்றாவது ஆள் வெகு தூரம் பின்னால். மறுநாள் பிழை விடாமல் சுட்டு முடித்தாலே போதும் என்று காரில் வரும்போது அம்மா தனக்குத்தானே சொன்னார். இரண்டாம் நாள் காலையில் என் கோபம் தணிந்துவிட்டது. என் ரவை கட்டாயம் அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மைதானத்தில் மூன்று பக்கம் அடைத்த ஒரு மேசை உண்டு. வெற்றுத் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து உறையில் போடுவது அங்கேதான். அங்கே நிற்கும்போது ரவையைக் கையால் தொட்டால் போட்டியை விட்டே வெளியேற்றம். வெறுமனே தொட்டதற்கே. மன்னிப்பு, எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. அறிவிப்புப் பலகை பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். நான் வாசிக்கவில்லை.

அம்மா துப்பாக்கியை உறையில் போட்டு முடித்திருந்தார். பக்கத்தில் ஒரு தாடிக்காரர் தன் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் காற்சட்டைப் பையிலிருந்து என் ரவையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், "அம்மா, இந்தாங்கோ" என்றேன். திரும்பினார். பார்த்தார். கையை நீட்டினார். நான் அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார்.

தாடிக்காரரின் கை பையின் மேல் அப்படியே நின்றது. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பி, "நான் ஒன்றும் காணவில்லை, மதாம்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"நான் கண்டேன்" என்றார் அம்மா, அதே பிரெஞ்சில்.

நேரே நடுவரிடம் போய்க் கையைத் திறந்து காட்டினார். நடுவர் வயதான மனிதர். சிவப்புப் பூச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இது யாருடையது, எப்படி அங்கே வந்தது என்று கேட்டார். "என்னுடையது. என் கையில் இருந்தது" என்றார் அம்மா. எழுதினால் இரண்டு நாள் புள்ளியும் போய்விடும் என்று நடுவர் மெதுவாகச் சொன்னார். அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். "ஏன் சொன்னனீங்கள்? அந்தாள் காணேல்லை எண்டுதானே சொன்னது!"

"பெல்ட்டைப் போடு" என்றார்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "என்ன நடந்தது?"

"அந்த மேசையிலை நிண்டு ரவையைக் கையிலை எடுத்திட்டன்."

"இவ்வளவு காலம் பழகின நீர், அரிவரிப் பிள்ளை மாதிரி..." முழுவதும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். நான் அங்கேதான், சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

எல்லாவற்றையும் வாங்கியது அந்தத் தாடிக்காரர்தான். பத்திரங்கள் எழுதி, அனுமதி வந்து, துப்பாக்கி போனது. அழுத்தும் இயந்திரத்தை அப்பாவே சுளுக்குப் பிடித்த இடுப்போடு படியேற்றிக் கொண்டுபோய் அவருடைய காரில் வைத்தார். வென்றவர் முகம் இல்லை அது. மேசையில் நான்கு ஆணித் துளைகள் மிஞ்சின. பெரியம்மா, "இனியாவது உண்மையாய் நீந்தப் போ" என்றார். அம்மா உண்மையாகவே நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். இன்றைக்குத் திரும்பத் தொடங்க நினைத்தாலும் முடியாது. சட்டம் மாறிவிட்டது, கைத்துப்பாக்கி வாங்க வழியில்லை.

நெடுங்காலம் நான் எனக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளை நீட்டினால் தாயின் கை தானாக வரும். மிட்டாய்த் தாள், மென்று முடித்த சூயிங்கம், விழுந்த பல், எதை நீட்டினாலும் வாங்கும். பழக்கதோஷம். அவர் பார்த்திருக்க நேரமில்லை.

போன வருடம் அம்மாவின் பழைய கைபேசியில் ஒரு வீடியோ கிடைத்தது. பீப் ஒலிக்கிறது. அம்மா ஓடி ஒரு மூலையில் திரும்புகிறார். எதிரே வெள்ளை மட்டை. துப்பாக்கி அதன் முன் நின்று, சுடாமல், அடுத்ததற்குப் போகிறது. அரை வினாடியும் இல்லை. அதைப் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்க் கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அது ரவை எண்டு முதலே கண்டனீங்களோ?"

"என்ன இப்ப? நீ தந்தனி, வாங்கினன்" என்றார். தலை நிமிரவில்லை.

ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் கண் முதலில் என் விரல்களுக்கு வந்தது, அந்தச் சிவப்புக்கு. பிறகு என் முகத்துக்கு வந்து, அங்கே நின்றது. கை அதற்குப் பிறகுதான் நீண்டது.