முன்கூட்டியே செருகிய வேப்பிலை

ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, ஒரு பங்குனியில் தெருத்தெருவாகத் தட்டம்மை வந்தது. பள்ளியில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மற்ற பிள்ளைகளுக்கு வந்தது அம்மை. எனக்கு வந்தது பயம். இரண்டில் எது வேகமாகப் பரவும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

பக்கத்தில் உட்காரும் நண்பன் இதில் நிபுணன். “காதுக்குப் பின்னால செவப்பா ஆரம்பிக்கும் மச்சான். வந்துச்சுன்னா ஒடனே வாசல்ல வேப்பல சொருகிடணும். லேட் பண்ணா ஆத்தா கோச்சிக்கும்.”

தன் காதின் பின்புறத்தைத் தானே பார்க்கும் வசதியை ஆண்டவன் மனிதனுக்குத் தரவில்லை. அம்மாவின் கைக்கண்ணாடியோடு பீரோக் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்ததில், பிடரியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கோலிக்குண்டு தங்கைக்கு, பம்பரம் நண்பனுக்கு என்று மனதுக்குள் உயில் எழுதி முடித்தேன். காலையில் யாருக்கும் சொல்லாமல் தெருமுனை மரத்தில் ஒரு கொத்து ஒடித்துவந்து எங்கள் கதவில் செருகினேன். வருவதற்கு முன்பே வரவேற்பு தயாராக இருந்தால் ஆத்தா கொஞ்சம் சலுகை காட்ட மாட்டாளா?

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு அத்தை, நெமிலிச்சேரியில் இருந்த தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்புவதாக இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. முதலில் எங்கள் வாசலில் ஆரத்தி, பிறகுதான் அவர்கள் வீடு என்று அம்மாவும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். பாப்பாவை முதலில் மடியில் வாங்குவது தான்தான் என்று தங்கை அறிவித்திருந்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. அம்மா ஆரத்தித் தட்டோடு கதவைத் திறப்பதற்குள் டிரைவரின் குரல் முந்திக்கொண்டது: “எறங்காதம்மா! கதவுல வேப்பல கீது. ஊட்ல ஆத்தா வந்துகீது!”

அத்தை குழந்தையை முந்தானையால் மூடினாள். ஆட்டோ வந்த வழியே போய்விட்டது.

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வாசல் தேடி வந்த பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டியேடா, படுபாவி!” ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள்; அடுத்த வேலைக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண் சிவக்க மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை அழவைத்ததற்கென்று தனியாக இரண்டு விழுந்தது.

வேப்பிலை தெரிந்த கதவாகப் பார்த்துத் தட்டிக்கொண்டு வந்த சுகாதார ஆபீஸ் நர்ஸம்மா அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். என் பிடரியைப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். “இது வேர்க்குரு நைனா! இதுக்கா ஆத்தாவக் கூப்ட்ட?” அடித்துக்கொண்டிருந்த அம்மாவே சிரித்துவிட்டாள்.

“பாப்பா ஏன் அழுவுது?” என்று மூலையில் இருந்த தங்கையைக் காட்டிக் கேட்டாள்.

“கொழந்தை திரும்பிப் போயிடுச்சுன்னு ஏங்கிட்டா.”

நர்ஸம்மா தங்கையின் நெற்றியைத் தொட்டாள். “அழுதா ஒடம்பு இப்டியா கொதிக்கும்?” வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். “தட்டம்மைதாம்மா. இனிமேதான் மேல பொரியும். நான் ஆபீஸ்ல சொல்லணும், மருந்தும் தரணும்.”

“ஆத்தா வந்த வீட்டுல மருந்தா?” என்று அம்மா இழுத்தாள்.

“ஆத்தா பாட்டுக்கு இருக்கட்டும், மருந்து பாட்டுக்கு இருக்கட்டும். ஊசி போடாத கைக்கொழந்தை எதுனா இங்க வந்துச்சா? அதுங்களுக்குத் தொத்திச்சுன்னா ரொம்பக் கஷ்டம்.”

அம்மா வாசலையே பார்த்தாள். “வாசல் வரைக்கும் வந்துச்சு” என்றாள்.

தங்கை பொரிந்து, உதிர்ந்து, பழையபடி என் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் அளவுக்குத் தேறினாள். தெருவும் ஓய்ந்த பிறகு அத்தை மறுபடி வந்தாள். ஆரத்தி முடிந்ததும், கை நீட்டிய தங்கையை விட்டுவிட்டு, கொழுகொழுவென்றிருந்த அந்தக் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். அது உடனே என் புது டிராயரை நனைத்தது.

“அய்ய! பாருங்க அத்தே!” என்று கத்தினேன்.

அத்தை சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நனைந்தது என் டிராயர். இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.